சுருக்கம் விழுந்த முகம் பழுதான முகமா?

முதுமையை நோய்களின் பட்டியலில் சேர்த்துவிடும் முயற்சி ஒன்று நம் கண்முன்னே நடந்துவருகிறது. அதைச் செய்வோர் மருத்துவப் பாடநூல் எழுதுவோர் அல்லர், விளம்பரம் எழுதுவோர். வயிற்றிலும் தொடையிலும் தங்கியிருக்கும் கொழுப்பை எடுத்து, ஒட்டிப்போன கன்னத்திலும் குழிவிழுந்த கண்ணோரத்திலும் செலுத்தி, இழந்த இளமையை மீட்டுத் தருவதாக அவர்கள் கூறுகிறார்கள். அந்நியப் பொருள் எதுவும் உடலில் சேர்வதில்லை, எல்லாம் உங்களுடையதே என்பது அவர்களது தலையாய வாதம். சீரமைப்பு, மீட்பு, புத்துயிர் என்னும் சொற்கள் அவர்களிடம் தாராளமாகப் புழங்குகின்றன. மீட்பு என்ற சொல்லை ஞாயிறுதோறும் பலிபீடத்தின்முன் கேட்கும் நாம், அதே சொல் கன்னத்துச் சதைக்குப் பயன்படுவதைக் கண்டு வாளாவிருக்கலாகாது.

பழுதுபட்டதைத்தான் சீரமைக்க முடியும். தொலைந்துபோனதைத்தான் மீட்க முடியும். அறுபது ஆண்டுகள் உழைத்து, பிள்ளைகளை வளர்த்து, நோயாளிகளின் அருகே இரவெல்லாம் விழித்திருந்து, இறந்தோரை அழுது அடக்கம் செய்து சுருக்கம் விழுந்த ஒரு முகத்தில் பழுதுபட்டது எது? தொலைந்துபோனது எது? இந்த வினாவுக்கு விடை கூறாமலே விலை கூறும் வணிகத்தை எதிர்த்தே இதை எழுதுகிறோம்.

நாம் எழுதுவது திருத்தணியிலிருந்து. ஆந்திர எல்லையை ஒட்டி, தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும் மலைக்கோவில் நகரம் இது. சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் எங்கள் ஊரைத் தொட்டுச் செல்வதால், பெருநகரத்து ஆசைகள் எங்களை வந்தடைய நெடுநாள் ஆவதில்லை. ஆனால் எங்கள் ஆலயத்தின் முன்வரிசையில் ஞாயிறுதோறும் அமர்ந்திருப்பவை, தறியடியிலும் வயற்காட்டிலும் காய்ந்த முகங்கள். அம்முகங்களைப் பழுதென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பதே நம் வாதம்.

ஊசி வந்த வழி

ஒரு சிகிச்சையின் பயனைப் பழிக்குமுன் அதன் பிறப்பை நேர்மையாகச் சொல்லவேண்டும். 1893-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் குஸ்தாவ் நாய்பர், நோயினால் முகத்தில் ஆழமாகக் குழிந்த வடுவைப் பெற்றிருந்த ஒருவரின் கையிலிருந்து கொழுப்பைச் சிறு துண்டுகளாக எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பினார். துண்டுகள் பெரிதானால் பிழைப்பதில்லை என்பதையும் அவரே கண்டு கூறினார். நோயால் முகம் குலைந்த ஒருவர்மேல் கொண்ட இரக்கத்திலேதான் இந்தக் கலை பிறந்தது.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1970-களின் இறுதியில், பாரிஸ் மருத்துவர் இல்லூஸ், மழுங்கிய முனையுள்ள குழாயைக்கொண்டு உடற்கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறையைப் புகுத்தினார். உறிஞ்சியதை வீணாக்காமல் வேறிடத்தில் செலுத்தலாமே என்னும் எண்ணம் அடுத்து வந்தது. 1990-களில் நியூயார்க் மருத்துவர் சிட்னி கோல்மன், எடுத்த கொழுப்பைச் சுழலியிலிட்டு, இரத்தத்தையும் எண்ணெயையும் பிரித்து, மிக நுண்ணிய அளவுகளாகப் பல அடுக்குகளில் செலுத்தும் ஒழுங்கை வகுத்தார். இன்று நம் பெருநகரங்களில் செய்யப்படுவது பெரும்பாலும் அம்முறையும் அதன் வழிவந்தவையுமே.

நுண்ணிய அளவு ஏன்? இடம் பெயர்ந்த கொழுப்பணுவுக்கு இரத்த ஓட்டம் இல்லை. சுற்றியுள்ள திசுவிலிருந்து கசியும் ஊட்டத்தைக்கொண்டு அது சில நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். புதிய இரத்த நாளங்கள் வந்து சேர்ந்தால் பிழைக்கும், இல்லையேல் மடியும். ஆதலால் செலுத்தியதில் ஒரு பகுதி சில மாதங்களில் கரைந்துபோவது வழக்கம். எவ்வளவு தங்கும் என்று எந்த மருத்துவரும் முன்கூட்டி உறுதியளிக்க இயலாது. எனவே இரண்டாம் முறை, சிலருக்கு மூன்றாம் முறை. தங்கிய கொழுப்போ தன் பழைய இயல்பை மறப்பதில்லை. உடல் பருத்தால் கன்னத்தில் குடியேறிய வயிற்றுக் கொழுப்பும் பருக்கும். இளமை திரும்பிவிட்டது என்னும் அறிவிப்பின் பின்னே இருக்கும் உண்மை இவ்வளவே.

முகம் பறிக்கப்பட்டோர்

முகத்தைச் சீரமைக்கும் அறுவை முழுவதையும் நாம் எதிர்ப்பதாக எவரும் கருதவேண்டாம். எங்கள் ஊரிலிருந்து வேலூர் தொலைவில் இல்லை. 1946-இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்திக் காட்டியது உலகறிந்த வரலாறு. நோய்க்கிருமி ஒழிந்தும் அம்மக்களால் வீடு திரும்ப முடியவில்லை. உதிர்ந்த புருவமும் அமிழ்ந்த மூக்கும் அவர்களை ஊருக்குக் காட்டிக்கொடுத்தன. ஆகவே தலைத்தோலிலிருந்து முடியோடு கூடிய பகுதியை நெற்றிக்குக் கொண்டுவந்து புருவம் அமைத்தார்கள். மூக்கை உள்ளிருந்து உயர்த்தினார்கள். தொழுநோய் தணிந்தபின் சிலருக்கு இளம் வயதிலேயே முகத்தோல் தொய்ந்து சுருங்கிவிடும். அத்தோலை இழுத்துச் சீரமைக்கும் அறுவையும் அவர்களுக்குச் செய்யப்பட்டது. இன்று செல்வந்தர் முதுமையை மறைக்கச் செய்துகொள்ளும் அதே அறுவை அது. ஆனால் அன்று அது ஒரு மனிதனை அவன் வீட்டாரோடு சேர்த்துவைத்தது.

அண்மைக் காலத்திலும் நம்மிடையே அப்படிப்பட்டோர் உண்டு. 2004 ஏப்ரலில் எய்ட்ஸ் நோயாளருக்கு இலவசக் கூட்டு மருந்து வழங்கும் திட்டத்தை நடுவண் அரசு தொடங்கியபோது, தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் அதன் தொடக்க மையங்களுள் ஒன்றாக இருந்தது. அந்தக் கூட்டில் இடம்பெற்ற ஸ்டாவுடின் என்னும் மருந்து பல்லாயிரவர் உயிரைக் காத்தது. காத்ததோடு, அவர்களுள் பலருடைய கன்னக் கொழுப்பைக் கரைத்தும் விட்டது. மரணத்திலிருந்து தப்பியவர், குழிவிழுந்த கன்னத்தால் தம் நோயை ஊருக்கு அறிவித்துக்கொண்டு நடமாடும் நிலைக்கு ஆளானார். உலக நலவாழ்வு நிறுவனம் 2009-இன் இறுதியில் அம்மருந்தைப் படிப்படியாகக் கைவிடப் பரிந்துரைத்தது. நம் நாடும் பின்னர் கைவிட்டது. ஆனால் அந்த முகங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. நிரப்பவேண்டிய கன்னங்கள் எவை என்று நம்மைக் கேட்டால், முதலில் அவற்றையே காட்டுவோம்.

தீக்காயத்தால் முகம் இறுகிப்போன பெண்களை அடுத்துக் காட்டுவோம். இறுகிய வடுவின் அடியில் கொழுப்பைச் செலுத்தினால் வடு இளகுவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் அடுப்பாலும் வரதட்சிணைக் கொடுமையாலும் வெந்துபோன முகங்களைக் கண்ட தமிழ்நாட்டில், இந்தக் கலையின் முதல் வாடிக்கையாளர் யாராக இருந்திருக்க வேண்டும்? அவர்களைக் கூவியழைக்க எந்த விளம்பரப் பலகையும் எழவில்லை. அவர்களிடம் பணம் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமும் இல்லை.

திரு அவையின் போதனையும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே காண்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1958 அக்டோபர் 4 அன்று, தாம் இறப்பதற்கு ஐந்து நாட்களுக்குமுன், இத்தாலிய ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர்களிடம் உரையாற்றினார். உடலழகு ஒரு நன்மையே. ஆனால் அதனினும் உயர்ந்த நன்மைகளுக்கு அது கீழ்ப்பட்டது என்றார். இவ்வறுவை தன்னளவில் தீமையானதன்று. நோக்கமும் சூழலுமே அதன் அறத்தை முடிவு செய்கின்றன என்றும் விளக்கினார். வெறும் வீண்பெருமைக்காகவோ, புதுப்பாணியின் சபலத்துக்காகவோ செய்வதை அவர் ஏற்கவில்லை. 'திருத்தந்தையே அனுமதித்துவிட்டார்' என்று அந்த உரையின் முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவோர், பிற்பாதியையும் படிக்கவேண்டும்.

எதிர்வாதங்கள்

தம் கொழுப்புத்தானே என்கிறார்கள். இதற்குரிய விடை நம் திருவிவிலியத்தில் இருக்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆறாம் அதிகாரத்தில் எலயாசர் என்னும் முதியவரைக் காண்கிறோம். வயது தொண்ணூறு. பன்றி இறைச்சி உண்ணுமாறு அவரைக் கட்டாயப்படுத்துகிறார்கள். பழைய நண்பர்கள் தனியே அழைத்து ஒரு வழி சொல்லிக்கொடுக்கிறார்கள்: சட்டம் அனுமதிக்கும் இறைச்சியை, தாமே சமைத்ததை, கொண்டுவந்து உண்ணட்டும், அரசன் கட்டளையிட்டதை உண்பதுபோல் பாசாங்கு செய்தால் போதும். பொருள் அவருடையது, தூய்மையானது, சட்டத்துக்கு உட்பட்டது. ஆயினும் எலயாசர் மறுத்துவிட்டார். பாசாங்கு தம் வயதுக்குத் தகாதது என்றார். தம்மைப் பார்த்து இளைஞர் நெறிதவறுவர் என்று அஞ்சினார்.

இந்த அச்சத்தைச் சிந்தித்துப் பாருங்கள். உயிர் போகும் நேரத்தில் அந்த முதியவர் இளைஞர்களைப் பற்றிக் கவலைப்பட்டார். தம் நரைத்த தலை தமக்கு மட்டும் உரியதன்று, அதைப் பார்த்து வளர்வோருக்கும் உரியது என்பதை அறிந்திருந்தார். ஒரு வீட்டில் பாட்டியின் முகம் பேத்திக்குப் பாடநூல். வாழ்வு எங்கே போகிறது, போய்ச் சேர்ந்தவர் எப்படி இருப்பார், அப்போதும் சிரிக்க முடியுமா என்பதையெல்லாம் குழந்தை அங்கேதான் படிக்கிறது. செலுத்தப்படும் கொழுப்பு யாருடையது என்பது சிறிய கேள்வி. அந்தப் பாடநூலை யாருக்காக அழிக்கிறோம் என்பதே பெரிய கேள்வி.

தலைக்குச் சாயம் பூசுவதும் பல் கட்டிக்கொள்வதும் இதுபோன்றவை அல்லவா என்று சிலர் கேட்பர். கட்டிய பல் மெல்லுகிறது. கண்ணாடி பார்க்க உதவுகிறது. இழந்த செயலை அவை திருப்பித் தருகின்றன. சாயத்தைப் பொறுத்தவரை, அதையும் இதே தராசில் நிறுத்தலாம் என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் சாயம் வெளுத்துப்போகும். அதற்காக எவரும் மயக்கமருந்து ஏற்பதில்லை.

பிழைப்புக்கு இது தேவை என்று வேறு சிலர் சொல்வர். இதில் உண்மை உண்டு. அந்த உண்மை கசப்பானது. நம் திரைப்படங்களில் அறுபது கடந்த நடிகர் கதாநாயகராகவே இருக்கிறார்; அவரோடு ஒருகாலத்தில் இணையாக நடித்தவரோ நாற்பதிலேயே தாயாக்கப்பட்டுவிடுகிறார். வரவேற்பு மேசையிலும் தொலைக்காட்சியிலும் நடப்பதும் இதுவே. அநீதி செய்பவர் வேலை தருபவர். ஊசி குத்திக்கொள்பவர் வேலை செய்பவர். அநீதிக்கு ஏற்ப அடிபட்டவரின் முகத்தை மாற்றியமைப்பதற்குப் பெயர் தீர்வா? அத்தகைய பெண்ணை நாம் கடியமாட்டோம். அவரை அந்நிலைக்குத் தள்ளியவரோடும், அவரது அச்சத்தைக் காசாக்குபவரோடும்தான் நமக்கு வழக்கு.

ஏழைக்கு மட்டும் அழகு வேண்டாமா என்பது இன்னொரு வாதம். 2018 பிப்ரவரியில் தமிழக அரசு சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பு அறுவையை இலவசமாக அளிக்க முன்வந்தபோது, அழகுச் சிகிச்சை செல்வந்தருக்கு மட்டும் உரியதா என்று கேட்கப்பட்டது. உடல் வலியைத் தீர்க்கவும், புற்றுநோய்க்குப்பின் உறுப்பை மீட்கவும் ஏழைக்கு அறுவை கிடைப்பதை மனமார வரவேற்கிறோம். ஆனால் முதுமை வெட்கத்துக்குரியது என்னும் பொய்யைச் செல்வந்தரிடமிருந்து வாங்கி ஏழைக்கும் பங்கிட்டுக் கொடுப்பது சமத்துவம் ஆகாது.

ஆபத்தில்லாத எளிய சிகிச்சை என்கிறார்கள் இறுதியாக. தேர்ந்த மருத்துவர் கையில் பெரும்பாலோருக்குத் தீங்கு நேர்வதில்லை என்பது மெய்யே. ஆயினும் முகத்து இரத்த நாளத்துள் கொழுப்பு தவறிப் புகுந்தால் அது பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண்ணின் தமனியை அடைக்கும்; பார்வை மீளாமல் போகும்; மூளை பாதிக்கப்பட்டோரும் உண்டு. அரிதாக நடப்பதுதான். உயிர் காக்கும் அறுவையில் அந்த அரிய ஆபத்தை ஏற்கிறோம். புகைப்படத்தில் ஐந்து வயது குறைந்து தோன்றுவதற்காக ஏற்கலாமா? பேரளவில் கொழுப்பை நீக்கும் அறுவையைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். 2022 மே மாதத்தில் பெங்களூரில் 21 வயது நடிகை ஒருவர் அதில் உயிரிழந்ததை நாளேடுகளில் படித்தோம். முகத்துக்கு எடுப்பது அதைவிட மிகக் குறைந்த அளவே. ஆனால் விற்கப்படும் ஆசை ஒன்றுதான். தமக்குத் தரப்பட்ட உடல் போதாது என்னும் எண்ணம் ஒன்றுதான். கொழுப்பிலுள்ள ஸ்டெம் செல்லால் புது முகம் என்று கூவுவோர்க்கு ஒன்று நினைவூட்டுவோம்: இரத்த நோய்களுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சை நீங்கலாக ஏனைய ஸ்டெம் செல் பயன்பாடுகள் ஆய்வு நிலையிலேயே உள்ளன என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வரையறுத்தன.

எங்கள் மண் சொல்வது

மேனாட்டு வணிகத்துக்கு எதிராக மேனாட்டு நூல்களைத் தேடி ஓடவேண்டிய தேவை எங்களுக்கில்லை. எங்கள் ஊருக்கு வருவோர் அழகைக் கூட்டிக்கொள்ள வருவதில்லை, குறைத்துக்கொள்ள வருகிறார்கள். 365 படிகள் ஏறி, தலைமுடியை மழித்துக் காணிக்கையாக்கி இறங்குகிறார்கள். வேளாங்கண்ணியில் நம் மக்கள் செய்வதும் அதுவே. மழித்த தலையோடு வீதியில் நடக்கும் பெண்ணைத் திருத்தணியில் எவரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. அவள் எதையோ கொடுத்துவிட்டு வருகிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். சமய நம்பிக்கையில் அவர்களுக்கும் நமக்கும் வேற்றுமை உண்டு. ஆனால் அழகு கொடுக்கத்தக்க ஒன்று என்னும் அறிவு இரு சாராருக்கும் பொது. வணிகத்தின் கை இங்கும் நீளாமல் இல்லை: திருமலையில் ஒருத்தி துறந்த கூந்தல் ஏலத்துக்குப் போய், கடல்கடந்து இன்னொருத்தியின் தலையில் பொய்முடியாகிறது. துறந்தவள் செல்வியாகவும் வாங்கியவள் ஏழையாகவும் நமக்குத் தோன்றினால், நம் பார்வை இன்னும் கெட்டுப்போகவில்லை என்று பொருள்.

தணிகை மலைமேல் வீற்றிருப்பவனைத் தமிழர் என்றும் இளையோன் என்றே போற்றுவர். அந்த இளையோன் வள்ளியை நாடிச் சென்றபோது தள்ளாத கிழவராக வேடம் பூண்டான் என்பது இந்த வட்டாரத்துக் குழந்தைகள் அறிந்த கதை. இளமைக்கு உருவம் கொடுத்த நம் முன்னோர், முதுமை வேடத்தை அந்த இளமைக்கு இழிவாகக் கருதவில்லை.

அருகிலுள்ள திருவாலங்காட்டின் கதை இன்னும் கூர்மையானது. கணவனால் கைவிடப்பட்ட புனிதவதி, அவனுக்காகத் தாங்கிய வனப்பு இனி வேண்டாம் என்று இறைவனிடம் வேண்டி, தசையை உதறி, எலும்புருவான பேய் வடிவைப் பெற்றார் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். கண்டோர் அஞ்சி ஓடிய அந்த உருவத்தைத்தான் இறைவன் 'அம்மை' என்று அழைத்தானாம். காரைக்கால் அம்மையார் இறுதியில் வந்து தங்கிய இடமாகத் திருவாலங்காட்டைப் போற்றுகிறார்கள். அங்கிருந்து சில கல் தொலைவில் வாழும் நாம், உதறிய தசையை ஊசியால் நிரப்புவதே பெண்ணுக்கு விடுதலை என்று நம்புவோமானால், நமக்கு அண்டை வீட்டாரின் ஞானமும் இல்லை, நம் வீட்டு ஞானமும் இல்லை.

நம் வீட்டு ஞானம் எது? எழிலும் தோற்றமும் இழந்த துன்புறும் ஊழியரை எசாயா காட்டினார். அவருடைய முகத்தையே நாம் மீட்பரின் முகமாக வணங்குகிறோம். சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் வெரோணிக்கா அந்த முகத்தைத் துடைத்தார், திருத்தி எழுதவில்லை. நம் காலத்திலும் சாட்சிகள் உண்டு. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது கம்பீரமாக நின்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலை நம்முள் பலர் கண்டோம். 2005 மார்ச் 27, உயிர்ப்புப் பெருவிழாவன்று, அதே மனிதர் உரோமை சாளரத்தில் தோன்றி, பேச முயன்று, முடியாமல் ஆசி மட்டும் வழங்கினார். நோய் தின்ற அந்த முகத்தை அவர் உலகத்திடமிருந்து மறைக்கவில்லை. ஆறு நாட்களுக்குப் பின் இறந்தார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022-இல் முதுமையைப் பற்றித் தொடர் மறைக்கல்வி வழங்கினார். ஜூன் 8 அன்று, வயதானவர் மீண்டும் பிறப்பது எப்படி என்று இயேசுவைக் கேட்ட நிக்கதேமைப் பற்றிப் பேசினார். என்றும் இளமை என்னும் கனவு எவ்வளவு வெறுமையானது என்று காட்டி, தம் சுருக்கங்களைப் பெறப் பல்லாண்டு ஆயிற்று, அவற்றைத் தொடாதீர்கள் என்று சொன்ன இத்தாலிய நடிகை அன்னா மாஞானியை நினைவுகூர்ந்தார். நிக்கதேமுக்கு ஆண்டவர் அளித்த விடை, பின்னோக்கிச் செல்லும் வழியை அவருக்குக் காட்டவில்லை. மேலிருந்து பிறக்கும் வழியைக் காட்டியது.

குற்றவாளி யார்?

இதுவரை வணிகரைச் சாடினோம். ஆனால் விற்பவன் வருவது வாங்குபவர் இருக்கும் இடத்துக்கே. முகத்தில் கொழுப்பை நிரப்பிக்கொள்ள ஒருவர் ஏங்குவது ஏன்? அந்த முகத்தை வீட்டில் எவரும் பார்ப்பதில்லை என்பதால் அல்லவா?

நரை ஏன் தோன்றவில்லை என்று கேட்டோர்க்குப் பிசிராந்தையார் கூறிய விடையைப் பள்ளியில் படித்தோம். மருந்து எதையும் அவர் சொல்லவில்லை. மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்த ஏவலர், முறைசெய்யும் அரசன், சான்றோர் நிறைந்த ஊர் என்று அடுக்கினார். சுற்றியுள்ளோரின் அன்பே முகத்தைத் தாங்குகிறது என்பது அதன் பொருள். நம் முதியோருக்கு அப்படி ஓர் ஊரை நாம் கொடுத்திருக்கிறோமா?

2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அன்றைய இந்தியச் சராசரியை விட அது மிகுதி. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட, எங்கள் பகுதியின் பல வீடுகளில் மூத்தவர் மட்டுமே எஞ்சியிருக்கிறார்கள். திருமணப் புகைப்படத்தில் அவர்களை ஓரத்தில் நிறுத்துகிறோம். புதுநன்மை விழாவில் பின்வரிசையில் அமர்த்துகிறோம். விருந்தினர் வந்தால் உள்ளறைக்குப் போகச் சொல்கிறோம். நரைத்தவர்முன் எழுந்து நிற்குமாறு லேவியர் நூல் (19:32) பணிக்கிறது. நாமோ அவர்கள் வந்தாலும் கைப்பேசியிலிருந்து கண்ணெடுப்பதில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, ஒரு தாய் கண்ணாடிமுன் நின்று தன் கன்னத்தை விரலால் மேலே இழுத்துப் பார்க்கும்போது, வீண்பெருமை என்று அவளைக் கண்டிக்க நமக்கு என்ன தகுதி?

ஆகவே நம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, நம் திரு அவையின் மருத்துவமனைகளுக்கு. வருமானத்துக்காக முக இளமைப் பிரிவு தொடங்கும் சோதனை உங்களுக்கும் வரும். அந்தக் கருவியும் அந்தத் திறமையும் உங்களிடம் வருமானால், தீயில் வெந்தவரையும், மருந்தால் கன்னம் கரைந்தவரையும், விபத்தில் முகம் சிதைந்தவரையும் முதலில் அழையுங்கள்; பணம் கேளாமல் அழையுங்கள். வேலூரில் புருவம் அமைத்தவர்கள் நோயாளியின் மடிச்சீலையைப் பார்க்கவில்லை.

இரண்டாவது, நம் பங்குகளுக்கு. முதியோர் தினத்தன்று சால்வை போர்த்தி அனுப்பிவிடுவதோடு கடமை முடிவதில்லை. வாசகம் படிக்கவும், மறைக்கல்வி வகுப்பில் தம் வாழ்வைச் சொல்லவும், அன்பியக் கூட்டத்தில் முடிவெடுக்கவும் அவர்களை முன்னே அழையுங்கள். குழந்தைகள் அந்த முகங்களை அருகிலிருந்து பார்க்கட்டும். முதுமையைப் பார்த்துப் பழகாத கண்களே பின்னாளில் அதைக் கண்டு அஞ்சும்.

மூன்றாவது, நம் இல்லங்களுக்கு. இதற்குப் பணமோ பயிற்சியோ வேண்டாம். நாளொன்றுக்குச் சிறிது நேரம், உங்கள் தாயின் எதிரே அமர்ந்து, அவர் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள். உங்களைப் பற்றிய கவலைகள் அந்த நெற்றியிலும், உங்களால் பெற்ற மகிழ்ச்சிகள் அந்தக் கண்ணோரத்திலும் கோடிட்டிருப்பதைக் காண்பீர்கள். கண்டபின், அவற்றை அழித்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது.